தோல் நோய்க்கு வெட்கம் எதற்கு?

செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் வழியில் பழையசீவரம் என்னும் ஊர் இருக்கிறது. அங்கே பாலாற்றங்கரையில் நின்று எதிர்க்கரையைப் பார்த்தால் ஒரு கோயில் தெரியும். அந்த ஊரின் பெயர் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் கூடும் இடம் ஆதலால் அப்பெயர் வந்தது.

அக்கோயிலின் மதிற்சுவரில் சோழ மன்னன் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அவன் ஆண்டது 1063 முதல் 1070 வரை. ஏறத்தாழ 950 ஆண்டுகளுக்கு முன் இக்கோயிலைச் சார்ந்து ஒரு கல்விச் சாலையும், மாணவர் விடுதியும், 'வீரசோழன்' என்ற பெயரில் ஓர் ஆதுலர் சாலையும் நடந்து வந்ததை அது விரிவாகக் கூறுகிறது. ஆதுலர் என்றால் நோயாளர். ஆதுலர் சாலை என்றால் மருத்துவமனை. அதில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவர், அறுவை மருத்துவம் செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவந்து மருந்து காய்ச்சுவோர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள், நாவிதர், தண்ணீர் கொண்டுவருபவர் என ஒவ்வொருவருக்கும் இவ்வளவு ஊதியம் என்று குறித்திருக்கிறார்கள். சேமித்து வைக்க வேண்டிய மருந்துகள் ஏறத்தாழ இருபதின் பெயர்களும் வரிசையாக வெட்டப்பட்டுள்ளன. விடுதி மாணவர்களின் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குக்கூட எண்ணெய் ஒதுக்கப்பட்டிருந்தது!

மாணவ நண்பர்களே, இதைப் படித்து நம் முன்னோர் பெருமையை நினைத்து மகிழ்வதோடு நின்றுவிடலாம். ஆனால் எனக்கு அதோடு நிற்க மனமில்லை. ஒரு மாணவனுக்கு நோய் வந்தால் அவன் எங்கே போக வேண்டும், யாரிடம் காட்ட வேண்டும், எந்த மருந்து கையிருப்பில் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் கல்லில் எழுதி வைத்த ஊர் அது. இன்று உங்களில் ஒருவருக்குத் தோலில் ஓர் அரிப்பு வந்தால் என்ன செய்கிறீர்கள்? பெரும்பாலும் யாரிடமும் சொல்வதில்லை. சட்டைக்குள் மறைத்துக்கொள்கிறீர்கள். பொறுக்க முடியாமல் போனால் மருந்துக் கடையில் மெல்லிய குரலில் "அரிப்புக்கு ஒரு களிம்பு" என்று கேட்டு வாங்குகிறீர்கள். இந்த வெட்கமும் இந்தக் களிம்பும் சேர்ந்து எவ்வளவு கேடு செய்கின்றன என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

படரும் தாமரை

பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனை நினைத்துக்கொள்வோம். கோடைக்காலம். வேர்வையில் நனைந்த உடை. இடுப்பில், கால்சட்டை இறுக்கும் இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாகச் சிவந்து அரிக்கிறது. சில நாட்களில் வட்டம் பெரிதாகிறது. ஓரம் தடித்துச் சிவந்தும், நடுப்பகுதி ஏறக்குறைய தெளிந்தும் காணப்படுகிறது. இதுதான் படர்தாமரை. ஆங்கிலத்தில் இதற்குப் புழுவின் பெயரைச் சேர்த்து வழங்குகிறார்கள். ஆனால் இதில் புழு எதுவும் இல்லை. இது பூஞ்சையால் வரும் நோய்.

தோலின் மேலடுக்கு, நகம், முடி ஆகியவற்றில் கெரட்டின் என்னும் புரதம் உண்டு. அதையே உணவாகக் கொண்டு வாழும் பூஞ்சைகள் சில உண்டு. அவை ஓரிடத்தில் தொடங்கி நாலாபுறமும் பரவுகின்றன. பூஞ்சை மும்முரமாக வளர்வது ஓரத்தில். ஆகவே உடலின் எதிர்ப்பும் அங்கேதான் மிகுதி. அதனால்தான் ஓரம் சிவந்தும் நடு வெளுத்தும் இருக்கிறது. தாமரை இலை படர்வது போலப் படர்கிறது என்று கண்டு பெயர் வைத்தவர்களின் கண் கூர்மையானது.

நம் மாணவன் கடையில் களிம்பு வாங்கிப் பூசுகிறான். இரண்டே நாளில் அரிப்பு அடங்கிவிடுகிறது! சிவப்பும் குறைகிறது. பத்தாம் நாள் பூசுவதை நிறுத்துகிறான். இரண்டு வாரத்தில் நோய் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வருகிறது. மீண்டும் அதே களிம்பு. மீண்டும் அதே கதை. இதற்குள் அவன் துண்டைப் பயன்படுத்திய தம்பிக்கும் வந்துவிடுகிறது.

நடந்தது என்ன? கடைகளில் விற்கும் கலவைக் களிம்புகள் பலவற்றில் பூஞ்சைக்கான மருந்தோடு வீரியம் மிக்க ஸ்டீராய்டு ஒன்றும் கலந்திருக்கிறது. ஸ்டீராய்டு நோய்க்கிருமியைக் கொல்வதில்லை. கிருமியை எதிர்த்து உடல் நடத்தும் போரை அது அடக்குகிறது. அரிப்பும் சிவப்பும் அந்தப் போரின் அடையாளங்கள். போர் நின்றதும் அடையாளங்கள் மறைகின்றன. பகைவனோ கோட்டைக்குள் வசதியாகக் குடியேறிவிடுகிறான். நாளடைவில் வட்ட வடிவமும் கலைந்துபோவதால் டாக்டருக்கே அடையாளம் காண்பது கடினமாகிறது. மாதக் கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, அழியாத கோடுகள் விழுகின்றன. முகம் வெளுக்க வேண்டும், பரு போக வேண்டும் என்று இத்தகைய களிம்பை முகத்தில் பூசுவோருக்கு முகம் சிவந்து எரிவதும், பரு மேலும் பெருகுவதும், வேண்டாத முடி வளர்வதும் உண்டு. ஸ்டீராய்டு நல்ல மருந்துதான். கரப்பான் போன்ற சில நோய்களுக்கு டாக்டர்களே எழுதித் தருகிறார்கள். எந்த நோய்க்கு, எவ்வளவு வீரியம், எத்தனை நாள் என்பதை அறிந்தவர் கையில் இருக்கும்போது மட்டுமே அது நல்ல மருந்து. 2018-ஆம் ஆண்டில் மத்திய அரசு இத்தகைய மேற்பூச்சு ஸ்டீராய்டு மருந்துகள் பலவற்றை டாக்டரின் சீட்டின்றி விற்கக் கூடாத 'எச்' பட்டியலின் கீழ்க் கொண்டுவந்தது அதனால்தான்.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பூஞ்சையின் உயிரணுவைச் சுற்றியுள்ள படலத்துக்கு எர்கோஸ்டிரால் என்ற பொருள் தேவை. அதை உண்டாக்கும் நொதி ஒன்றைத் தடுத்துப் பூஞ்சையைக் கொல்கிறது டெர்பினஃபின் என்ற மருந்து. ஆனால் அந்த நொதியின் அமைப்பு சிறிது மாறிவிட்ட பூஞ்சைகள் இப்போது பெருகியுள்ளன. மருந்து அவற்றில் பொருந்துவதில்லை. ஆகவே அவை சாவதில்லை. இந்தியாவிலும் நேபாளத்திலும் இருந்து வந்த நோயாளிகளிடம் கண்ட இத்தகைய ஒரு பூஞ்சைக்கு 2020-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 'டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே' என்று பெயரிட்டனர். இன்று அது பல நாடுகளுக்கும் பரவியுள்ளது. டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வைப் பாடப் புத்தகத்தில் படிக்கிறீர்களே, அது நம் இடுப்பு மடிப்பிலேயே நடந்துகொண்டிருக்கிறது! அரைகுறை மருத்துவத்தில் பிழைத்த பூஞ்சைகளே அடுத்த தலைமுறையைப் பெருக்குகின்றன. ஆகவே, டாக்டர் சொன்ன வாரங்கள் முடியும் வரை, அரிப்பு நின்ற பிறகும்கூட, மருந்தை நிறுத்தக் கூடாது. இறுக்கமான உடை வேண்டாம். துண்டையும் உள்ளாடையையும் பிறரோடு பகிர வேண்டாம். துவைத்த துணியை நன்றாக வெயிலில் உலர்த்துங்கள்.

ஒருவருக்கு மட்டும் மருந்து போதாது

அடுத்தது சொறி சிரங்கு. விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி அரிப்பு. இரவில் படுத்ததும் அதிகம். இதற்குக் காரணம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான நீளமுள்ள, எட்டுக் கால் கொண்ட ஒரு நுண்ணுயிர். உண்ணி இனத்தைச் சேர்ந்தது. பெண் பூச்சி மேல்தோலில் சுரங்கம் தோண்டி அதற்குள் முட்டையிடுகிறது. 1687-இலேயே இத்தாலியைச் சேர்ந்த பொனோமோ, செஸ்டோனி ஆகிய இருவர் நுண்ணோக்கியின் உதவியால் இதைக் கண்டு எழுதினர். உலக நலவாழ்வு நிறுவனம் 2017-இல் சிரங்கைக் கவனிப்பாரற்ற வெப்பநாட்டு நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

பூச்சி முதன்முறையாகத் தொற்றியவருக்கு அரிப்பு உடனே தொடங்குவதில்லை. நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆகலாம். ஆகவே வீட்டில் அரிப்பு இல்லாதவரிடமும் பூச்சி இருக்கக்கூடும். சொறிகிற பிள்ளைக்கு மட்டும் மருந்து பூசினால் அவனுக்குக் குணமாகும். பிறகு அக்காளிடமிருந்தோ பாட்டியிடமிருந்தோ மீண்டும் தொற்றும். "மருந்து வேலை செய்யவில்லை" என்பார்கள். மருந்தில் குறையில்லை, கணக்கில்தான் குறை. வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் மருந்து பூசிக்கொள்ள வேண்டும். அன்று உடுத்திய துணி, போர்வை ஆகியவற்றை வெந்நீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும். "உன் பிள்ளையால்தான் வந்தது" என்று வீட்டில் குற்றம் சாட்டிப் பயனில்லை. நெருங்கி வாழும் எந்தக் குடும்பத்துக்கும் சிரங்கு வரும். அன்றாடம் குளிப்பவர்களுக்கும் வரும்.

வெள்ளைத் திட்டு எல்லாம் ஒன்றல்ல

தோலில் ஒரு வெளிறிய திட்டைக் கண்டால் நம் ஊரில் பலருக்கு உடனே நெஞ்சு படபடக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

மார்பிலும் முதுகிலும் சிறு சிறு திட்டுகளாக, சுரண்டினால் தவிடு போல உதிர்வது தேமல். எல்லோர் தோலிலும் வாழும் ஒரு வகை ஈஸ்ட் பூஞ்சை வேர்வைக் காலத்தில் அளவு மீறிப் பெருகுவதால் வருவது. சிறுவர் கன்னத்தில் வறண்டு வெளிறிக் காணப்படும் திட்டுகள் பெரும்பாலும் மென்மையான கரப்பான் வகை. "வயிற்றில் பூச்சி" என்று சொல்வார்கள், ஆனால் வயிற்றுப் பூச்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை. பால் போல வெள்ளையாக, எல்லை தெளிவாக இருப்பது வெண்புள்ளி. நிறம் தரும் மெலனின் அணுக்களை உடலின் எதிர்ப்பாற்றலே தவறுதலாகத் தாக்கி அழிப்பதால் உண்டாவது. இது தொற்றாது. தொட்டாலும் ஒரே தட்டில் உண்டாலும் ஒட்டாது. இதை 'வெண்குட்டம்' என்று அழைத்தது நம் மொழி செய்த ஒரு கொடுமை. குட்டத்துக்கும் இதற்கும் ஓர் உறவும் இல்லை. பெயரில் புகுந்த அந்த ஒரு சொல்லால் எத்தனை பேருக்குத் திருமணமும் வேலையும் தடைப்பட்டிருக்கும்! அந்தச் சொல்லை நாம் இனி வாயில் எடுக்கக் கூடாது.

நான்காவது வகைதான் தொழுநோய். வெளிறியோ சிறிது சிவந்தோ இருக்கும் திட்டில் தொடு உணர்ச்சி குறைந்திருக்கும், வேர்ப்பதும் குறையலாம். அரிப்போ வலியோ இராது. அதனால்தான் பலர் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சுத் திரியால் மெல்லத் தொட்டு உணர்ச்சி உள்ளதா என்று டாக்டர் பார்ப்பார். (ஊசியால் குத்திப் பார்க்கும் வேலை உங்களுக்கு வேண்டாம்.)

தொழுநோய் என்றதும் அஞ்ச வேண்டியதில்லை. திருமுக்கூடலிலிருந்து பாலாற்றின் போக்கிலேயே கிழக்கே சென்றால் செங்கல்பட்டு. அதை அடுத்த திருமணியில் மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. முன்னர் லேடி வெலிங்டன் பெயரில் நடந்த தொழுநோய் இல்லத்தை 1955-இல் மத்திய அரசு ஏற்று நடத்தத் தொடங்கியது. 1940-களில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் டாப்சோன் மருந்தைத் தொழுநோய்க்குக் கொடுத்துப் பார்த்ததும் செங்கல்பட்டில்தான். 1982 முதல் உலகெங்கும் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருத்துவம் வழக்கத்துக்கு வந்தது. நோயின் வகைக்கேற்ப 6 மாதமோ 12 மாதமோ மருந்து. அரசு மருத்துவமனைகளில் இலவசம். மருத்துவம் தொடங்கிய சில நாட்களிலேயே நோய் பிறருக்குத் தொற்றுவது ஏறக்குறைய நின்றுவிடும். ஆனால் காலம் தாழ்த்தி நரம்பு செத்துவிட்டால், மருந்து கிருமியைக் கொல்லுமே தவிர, போன உணர்ச்சியைத் திருப்பித் தராது. ஒரு மாணவி வெட்கப்பட்டு ஒரு திட்டை இரண்டாண்டு மறைத்தால் அவள் இழப்பது தன் விரல்களாக இருக்கலாம். 2019-இல்தான் தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டுவதை நம் நாட்டுச் சட்டங்களிலிருந்து நீக்கினார்கள். சட்டம் திருந்திவிட்டது, நம் மனம் திருந்த வேண்டியிருக்கிறது.

சேங்கொட்டை சொல்லும் பாடம்

"ஆங்கில மருந்து வேண்டாம், இயற்கையானதைப் பூசலாமே" என்று சிலர் கேட்பார்கள். திருமுக்கூடல் கல்வெட்டின் மருந்துப் பட்டியலில் பல்லாதக அரீதகி என்ற பெயர் இருக்கிறது. பல்லாதகம் என்பது சேங்கொட்டை. அரீதகி என்பது கடுக்காய். சேங்கொட்டையின் பால் பட்டால் தோல் சிவந்து, கொப்புளித்து, நீர் வடியும். சலவைத் தொழிலாளர் துணியில் அழியாத குறியிட அதைப் பயன்படுத்தினர். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் படைவீரர் பலருக்கு, சட்டையில் இட்ட அந்தக் குறி பட்ட இடமெல்லாம் புண்ணாயிற்று! முந்திரிக் கொட்டையின் ஓட்டு எண்ணெயும் இப்படிப்பட்டதே. இரண்டும் ஒரே தாவரக் குடும்பம்.

இவ்வளவு கடுமையான பொருளை நம் மருத்துவர்கள் மருந்தாக்கினார்கள் என்றால், முறைப்படி சுத்தி செய்து, அளவறிந்து கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். அதனால்தான் கல்வெட்டில் மருந்தோடு மருத்துவரும் இருக்கிறார். இயற்கையானது என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. எருக்கம்பாலையும் பூண்டையும் அரைத்துத் தோலில் கட்டிப் புண்ணாக்கிக்கொள்வோர் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் இன்னொன்றையும் பார்த்திருப்பார்கள். கச்சாப் பட்டில் இயற்கையாகவே ஒரு பசை உண்டு. சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் காய்ச்சி அப்பசையை நீக்கிய பிறகே சாயம் ஏற்றுவார்கள். அந்தக் காரநீர் பட்டின் பசையைக் கரைப்பது போலவே கைத்தோலின் எண்ணெய்ப் பசையையும் போக்கிவிடுகிறது. தோல் வெடிக்கிறது, வெடிப்பின் வழியே சாயம் புகுந்து எரிகிறது. இது தொற்றுநோய் அன்று. தொழில் தந்த புண். ரப்பர் கையுறை, வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கை கழுவுதல், தேங்காயெண்ணெய் தடவுதல் ஆகியன பெரிதும் உதவும். உங்கள் தந்தையின் கையைப் பார்த்து முகம் சுளிப்பவரிடம் இந்த வேதியியலைச் சொல்லிக் கொடுங்கள்.

அக்கியைப் பற்றியும் ஒரு சொல். உடலின் ஒரு பக்கத்தில் பட்டையாகக் கொப்புளம் எழும்பினால் காவியைக் குழைத்து 'அக்கி எழுதும்' வழக்கம் இன்றும் உண்டு. சிறு வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பில் பதுங்கியிருந்து மீண்டும் கிளம்புவதே அக்கி. பெரும்பாலும் அது சில வாரங்களில் தானே ஆறிவிடும். புகழ் காவிக்குப் போய்விடும்! ஆனால் வைரஸை அடக்கும் மருந்தை முதல் மூன்று நாட்களுக்குள் தொடங்கினால்தான் முழுப் பயன் கிடைக்கும். கண்ணருகே வந்தால் பார்வைக்கே ஆபத்து. ஒன்று முன்னே நடந்தது, மற்றொன்று பின்னே நடந்தது என்பதால் முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது என்பதை விஞ்ஞான மாணவர்களாகிய உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

என் கருத்து

ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும், வரிசையில் நிற்க வேண்டும், கடையிலோ ஐந்து நிமிட வேலை என்று பெரியவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. சிற்றூர்களில் தோல் மருத்துவர் கிடைப்பது அரிது என்பதும் உண்மை. ஆனால் மாதக் கணக்கில் வாங்கும் டியூப்புகளின் விலையையும், வீடு முழுவதும் பரவிய நோயின் செலவையும் கூட்டிப் பாருங்கள். அந்த ஐந்து நிமிடத்தின் விலை தெரியும்.

மேலும், டாக்டர்களே உங்களைத் தேடி வரும் ஏற்பாடு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. தேசியச் சிறார் நலத் திட்டம் 2013 முதல் நடந்து வருகிறது. மருத்துவக் குழுவினர் அரசுப் பள்ளிகளுக்கு வந்து பதினெட்டு வயது வரையுள்ளவர்களைச் சோதிக்கிறார்கள். அவர்கள் பார்க்க வேண்டிய நோய்களில் சிரங்கு, பூஞ்சை நோய், கரப்பான் ஆகியவையும் உண்டு. ஆனால் சட்டைக்குள் மறைத்திருப்பதை எந்த டாக்டராலும் பார்க்க முடியாது. எனவே பள்ளிகளுக்கு என் வேண்டுகோள் இது: அந்தச் சோதனையை எல்லோர் முன்னிலையிலும் நடத்தாமல், ஒரு மறைவான அறையில், மாணவிகளுக்குப் பெண் டாக்டரோ செவிலியரோ உடனிருக்க, நடத்துங்கள். அதற்கு முந்தைய வாரம் வகுப்பில் தோலைப் பற்றி ஒரு பாடம் நடத்துங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது மூன்று. அரிப்போ திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் வீட்டில் சொல்லுங்கள், டாக்டரிடம் காட்டுங்கள். பிறர் களிம்பை நீங்கள் பூசாதீர்கள். உங்களுடையதைப் பிறருக்குத் தராதீர்கள். பக்கத்து இருக்கைக்காரனின் தோலைக் கண்டு ஒருபோதும் கேலி செய்யாதீர்கள். மூன்றில் கடைசியே முதன்மையானது. ஏனெனில் கேலிக்கு அஞ்சித்தான் மற்றவன் மறைக்கிறான்.

காஞ்சிபுரம் பக்கம் போனால் ஒருமுறை திருமுக்கூடலுக்குச் சென்று அந்தச் சுவரைப் பாருங்கள். மருத்துவர் யார், மருந்து எது, ஊதியம் எவ்வளவு என்பதையெல்லாம் ஊரார் அனைவரும் காணும்படி அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். நோயைப் பற்றிப் பேசவும் மருத்துவத்தைக் கேட்டுப் பெறவும் அந்த விடுதி மாணவர்களுக்கு இருந்த உரிமை உங்களுக்கும் உண்டு. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.